கம்பிமேல் கனியின் கணக்கு

போடிநாயக்கனூர் மூணாங்கிணற்றுத் தெருவில், கரண்டுக் கம்பிகளில் உட்கார்ந்திருந்த காகங்களும் மைனாக்களும் கனிஷ்கா மனதுக்குள் போட்ட கணக்குக்குத் தக்கபடி ஏறி இறங்க ஆரம்பித்தது ஓர் ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலம். வண்டிகளின் நெற்றியில் அப்பிய சந்தனம் அப்போதும் ஈரம் காயாமல் இருந்தது, கடை வாசல்களில் கட்டிய வாழைக்கன்றுகள் வாடித் தலை சாய்ந்திருந்தன, மலையிலிருந்து இறங்கிய காற்று ஏலக்காய் வாசனையையும் பொரிகடலை வாசனையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்தது.

மொட்டை மாடியில் கனிஷ்கா சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கை விரல்களாலும் காற்றில் இல்லாத மணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அபாகஸ் வகுப்பில் அப்படித்தான் பழக்குவார்கள்: முதலில் மணிகள் கோத்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்க வேண்டும், கை பழகிய பிறகு சட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டு அது மடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வெறும் விரலால் கூட்ட வேண்டும், கடைசியில் விரலும் வேண்டாம், மனசே போதும் என்று ஆகிவிட வேண்டும். பதிமூன்று வயதுக் கனி விரலுக்கும் மனசுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தாள். அவளுடைய அம்மா தமயந்தி கொடியிலிருந்து காய்ந்த துணிகளை உருவிக்கொண்டிருந்தவள், மகளின் விரல் ஒரு தடவை சுண்டியபோது எதிர்க் கம்பியில் ஒரு மைனா மேலே தாவியதையும், மறுபடி சுண்டியபோது ஒரு காகம் மேலே ஏற நான்கு மைனாக்கள் ஒன்றாகக் கீழே இறங்கியதையும் பார்த்து, கையிலிருந்த பாவாடையை மடிக்க மறந்து நின்றாள்.

"என்னம்மா?" என்றாள் கனி, கண்ணைத் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல. நீ போடு" என்றாள் தமயந்தி.

அடுத்த நாள் அபாகஸ் வகுப்பு ஹெலன் டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர், தெருமுனையில் நெய்னா பாயின் டீக்கடையில் நின்று கனிக்குத் தான் கொடுத்திருந்த கணக்கு ஏறி நிற்கும் கம்பிகளை மேற்கு வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆயிரத்து நானூத்தி அறுபத்தெட்டு. விடை சரிதான்" என்று சொல்லிவிட்டு, சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டார். அவர்தான் தெருவுக்கு அதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ஒரு காகம், நான்கு மைனா. கீழ்க் கம்பியில் இருந்தால் சும்மா இருக்கின்றன என்று அர்த்தம், மேல் கம்பிக்கு ஏறினால் கணக்கில் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். மைனாவுக்கு ஒன்று, காகத்துக்கு ஐந்து. நெய்னா பாய் கடைக் கம்பத்திலிருந்து தொடங்கினால் முதல் இடைவெளி ஒன்றாம் இடம், அடுத்தது பத்து, அதற்கடுத்தது நூறு, இப்படியே போய் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் லட்சங்கள் உட்கார்ந்திருந்தன.

ஏன் இப்படி என்று தெருவில் யாரும் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. இதனால் கரண்டு போகுமா என்றுதான் கேட்டார்கள். போகாது என்று வயர்மேன் சூசை சொன்னார், சொன்னதோடு நிற்காமல் கம்பியில் வேலை இருந்தால் பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவதாகவும் ஒத்துக்கொண்டார். அந்த வருஷம் தீபாவளிக்கு வெடிகளை எல்லாம் ஓடைக்கரைக்குக் கொண்டுபோய் வெடித்தார்கள், தெருவுக்குள் மத்தாப்பு மட்டும். சாவு ஊர்வலம் வந்தால் மூணாங்கிணற்றுத் தெருவுக்குள் நுழைந்ததும் மேளக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்கள். பிணமும் சத்தமில்லாமல் போய், தெரு தாண்டியதும் மறுபடி மேளத்தோடு போனது. பூனை வளர்த்தவர்கள் அதன் கழுத்தில் சலங்கை கட்டினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு தடவை வந்து படமெடுத்துப் போய், பறவைத் தொல்லையால் அவதிப்படும் தெரு என்று ஒளிபரப்பினார்கள், அதற்காகத் தெருவே சேர்ந்து சிரித்தது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பெண்கள்கூடக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்து, "கனி இன்னைக்குப் பெருக்கல் போடுறாடி" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

ஆனால் சரியான விடை தெரிந்த மாதிரியே தப்பான விடையும் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹெலன் டீச்சர் வாசலில் நின்று எண்களை வேகமாகச் சொல்லிக்கொண்டே போக, மாடியில் கனி கூட்டிக்கொண்டே வர, நூறாம் இடத்தில் ஏற வேண்டிய காகம் ஏறாமல் இருந்துவிட்டது, அதைப் பார்த்து டீக்கடையிலிருந்த ஆட்களும் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களும் ஒரே மூச்சில் "த்சொ" என்றார்கள். அந்தச் சத்தம் மாடிக்குப் போனது. அதற்குப் பிறகு தினமும் போனது. யாரும் கேலியாகச் சொல்லவில்லை, சொந்தப் பிள்ளை வழுக்கி விழுந்தால் வாயிலிருந்து வருமே அப்படித்தான் வந்தது. இருந்தாலும் தமயந்தி தையல் மிஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டே அந்த "த்சொ"வுக்காகக் காது கொடுத்துக் காத்திருக்கப் பழகிவிட்டாள், அது வந்ததும் அவளுடைய கால் மிஷினை நிறுத்திவிடும், மாடியில் மகள் என்ன செய்கிறாள் என்று காது கூர்ந்து கேட்கும், மாடி சத்தமில்லாமல் இருக்கும்.

அதைவிட மோசமானது, கனி படிக்காத நேரத்திலும் பறவைகள் அசைந்தன என்பது. கனி இட்லியை எண்ணினால் அசைந்தன. வகுப்பில் தன்னோடு பேசாத பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் அசைந்தன. விடியக் கருக்கலில் டீக்கடை திறக்க வந்த நெய்னா பாய் கம்பிகள் படபடப்பதைப் பார்த்து, "தங்கச்சி, பாப்பா சரியாத் தூங்கலையா?" என்று தமயந்தியிடம் கேட்டார். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். எல்லாரும் நல்ல மனசோடுதான் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டு லோகமணியும் நல்ல மனசோடுதான் கேட்டாள். கனி வயதுக்கு வந்து சீர் செய்து சில மாதங்கள் ஆகியிருந்தன. குழாயடியில் நாலு பேர் நிற்கும்போது, லோகமணி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஏன் தமயந்தி, புள்ளைக்கு நாள் தள்ளிப்போகுதோ? நேத்துல இருந்து காக்காயும் மைனாவும் அதே நாள் கணக்கத்தான் திரும்பத் திரும்பப் போடுதுக. கஷாயம் வச்சுக் குடுக்கட்டுமா?" என்றாள். தமயந்தி பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினாள். பள்ளிக்கூடப் பையோடு கனி நின்றிருந்தாள். அவள் அழவில்லை. முகத்தில் இரத்தம் முழுக்க ஏறி, பிறகு முழுக்க இறங்கியது. கம்பியில் இருந்த பறவைகள் அத்தனையும் ஒரே அடியாகக் கீழ்க் கம்பிக்கு விழுந்து அசையாமல் உட்கார்ந்தன.

அன்றிலிருந்து கனி கைகளை முஷ்டியாக மூடிக்கொண்டு நடந்தாள். சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டாள். மாடிப்படி ஏறும்போது படிகளை எண்ணிவிடக் கூடாது என்று வாய்க்குள் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். இரவில் தூக்கத்தில் அவளுடைய விரல்கள் தானாகத் துடிக்கும், உடனே விழித்துக்கொண்டு கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். தமயந்தி பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பாள். கணக்கை விட்டுவிடு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வரும், ஆனால் கணக்குப் போடும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கனியின் முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவதையும் அவள் பார்த்திருந்தாள். அதனால் சொல்லவில்லை.

அந்த நிலையில்தான் கனி கோலாலம்பூரில் நடக்கும் உலக மனக்கணக்குப் போட்டிக்குத் தேர்வானாள். கவுன்சிலர் பரமன் தெருமுனையில் பிளக்ஸ் வைத்தார். அதில் கனியின் படத்தை விட அவருடைய படம் பெரிதாக இருந்தது, இரண்டுக்கும் மேலே காகமும் மைனாவும் பறந்தன. கனியோடு யாராவது ஒருவர்தான் போக முடியும் என்றார்கள். அவளுடைய அப்பா அழகர்ராஜா, பஸ் ஸ்டாண்டில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், ஒரு காலத்தில் குவைத்தில் இருந்ததால் பாஸ்போர்ட் வைத்திருந்தார். அவரே போவதென்று முடிவானது.

கிளம்புகிற அன்று தமயந்தி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மலேசியா ரொம்பத் தூரமா?"

"ரொம்பத் தூரம். நடுவுல கடல் இருக்குல்ல."

"அங்க நான் போடுறது இங்க தெரியாதுல்ல?"

தமயந்தி ரிப்பனை இரண்டு தடவை முடிச்சுப் போட்டாள். "கடலத் தாண்டி இந்தக் காக்காய்க்கு எப்படித் தெரியும்? நிம்மதியாப் போடு."

கனி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுடைய விரல்கள் விரிந்திருந்தன.

விமானம் போய்ச் சேர்ந்த நாள் முழுக்கப் பறவைகள் மற்ற தெருப் பறவைகளைப் போலச் சும்மா உட்கார்ந்திருந்தன, எச்சமிட்டன, சண்டை போட்டன. தெருவுக்கு அது ஏமாற்றம். தமயந்திக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. மறுநாள் காலை அவள் மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, ஒன்றாம் இடத்தில் ஒரு மைனா மேலே தாவியது. பிறகு பத்தாம் இடத்தில் ஒரு காகம். பிறகு தெரு நெடுக, அதுவரை பார்த்திராத வேகத்தில், பிசகில்லாமல், கனி கடலுக்கு அப்பாலிருந்து கூட்டிக்கொண்டு போனாள். கீழே நெய்னா பாய் கடையில் விசில் பறந்தது.

மதியம் போன் வந்தது. "அம்மா, இன்னைக்குப் பயிற்சி ரொம்ப நல்லா வந்துச்சும்மா. இங்க யாருக்குமே என்னயத் தெரியாது. எல்லாரும் அவங்கவங்க கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க." பிறகு கேட்டாள்: "அங்க எதுவும் அசையலேல்ல?"

ஜன்னலுக்கு வெளியே கம்பியில் ஒரு மைனா ஏறி இறங்கியது. மகள் எதையோ எண்ணிக்கொண்டே பேசுகிறாள்.

"இல்லடா. எல்லாம் சும்மா தூங்கி வழியுதுக" என்றாள் தமயந்தி.

போனை வைத்ததும் அவள் தெருவில் இறங்கி, வீடு வீடாகப் போய், கனிக்கோ அவள் அப்பாவுக்கோ யாரும் இதைச் சொல்லிவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் சந்தோஷத்தை வாயில் வைத்துப் பூட்ட முடிகிற தெரு இல்லை அது.

போட்டி நாளன்று காலையிலேயே கவுன்சிலர் தெருவை அடைத்து ஷாமியானா போட்டுவிட்டார். கம்பிகள் தெரிய வேண்டும் என்று நடுவில் துணியை விலக்கிக் கட்டச் சொல்லியிருந்தார். நாற்காலிகள், மைக், ரோஸ்மில்க். பக்கத்துத் தெருக்காரர்கள், மலையிலிருந்து எஸ்டேட் ஜீப்பில் இறங்கியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று கூட்டம் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நின்றது. தமயந்தி தன் வீட்டு வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னவர்களுக்குக் கையால் வேண்டாம் என்றாள்.

முதல் சுற்றில் பறவைகள் பறந்தன என்றுதான் சொல்ல வேண்டும், உட்கார்ந்த மாதிரியே தெரியவில்லை. சிறகடிப்பில் கம்பிகள் ரீங்காரமிட்டன. கூட்டத்திலிருந்த கல்லூரிப் பையன்கள் விடையைக் கத்தி வாசிக்க வாசிக்க, வாசித்து முடிப்பதற்குள் அடுத்த கணக்கு வந்துவிட்டது. ஒரு "த்சொ"கூடக் கேட்கவில்லை. சுற்று முடிந்து பறவைகள் கீழ்க் கம்பிக்கு இறங்கி அலகைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தபோது, கவுன்சிலர் மைக்கைப் பிடித்தார்.

"மக்களே, ஒரு நல்ல சேதி! நம்ம தெருவுல நடக்குறத எல்லாம் வீடியோ எடுத்து அழகர்ராஜா போனுக்கு அனுப்பியாச்சு. நம்ம பாசம் மலேசியா போய்ச் சேர்ந்துருச்சு!"

கை தட்டல் எழுந்தது. தமயந்திக்கு அந்தச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்டது. கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுத்தார்.

"பாத்தேன் தமயந்தி, பாத்தேன்! கடலத் தாண்டி வேலை செய்யுது பாரு, எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பாப்பாகிட்ட ஓடிப்போய்க் காட்டிட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "ஆனா அவ ஒண்ணும் பேச மாட்டேங்குறா. கைய ரெண்டையும் கக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. கடைசிச் சுற்றுக்குக் கூப்பிடுறாங்க, எந்திரிக்க மாட்டேங்குறா. என்னாச்சுன்னே புரியல."

"அவகிட்டக் குடுங்க."

மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ஏதோ ஒரு மொழியில் அறிவிப்பு ஓடியது.

"கனி."

"பொய் சொல்லிட்டேல்ல."

"ஆமா."

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. சேர் போட்டு உக்காந்து பாக்குறாங்கம்மா. நான் அம்மணமா நிக்குற மாதிரி இருக்கு."

தமயந்தி கூட்டத்தைப் பார்த்தாள். நிமிர்ந்த கழுத்துகள், திறந்த வாய்கள், மேலே தூக்கிப் பிடித்த போன்கள்.

"நீ பொய்யின்னு சொன்னது நெசம்தான். இப்ப சொல்லுறது பொய்யில்ல. நீ போய் உக்காரு. நீ உக்காந்து போடுற நேரம் இங்க ஒருத்தர் பாக்க மாட்டாங்க. அது எம் பொறுப்பு."

"அவ்வளவு பேரையும் நீ என்ன செய்வ?"

"அத நான் பாத்துக்கிறேன்."

"நீ?"

"நானும் பாக்க மாட்டேன்."

பிறகு போன் கைமாறும் சத்தம், அழகர்ராஜாவின் குரல்: "எந்திரிச்சுட்டா. உள்ள போறா."

தமயந்தி வாசல்படியிலிருந்து இறங்கினாள். கல்யாண வீட்டில்கூட மைக் பக்கம் போகாதவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவில் போய், கவுன்சிலரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவர் கொடுத்தாரா, அவள் பிடுங்கினாளா என்பதில் தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

"எல்லாரும் தல குனிஞ்சுக்கங்க" என்றாள். ஒலிபெருக்கி கீச்சென்றது. "எம் புள்ள எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் மேல பாக்க வேணாம். போன எல்லாம் கீழ எறக்குங்க."

கூட்டம் சிரித்தது, பிறகு சிரிப்பை நிறுத்தியது. கவுன்சிலரின் முகம் சிவந்தது.

"என்ன தமயந்தி இது? எதுக்கு நாங்க தல குனியணும்? என்ன தப்பு செஞ்சுட்டோம்? சொந்தக் காசப் போட்டு, கூட்டத்தக் கூட்டி, புள்ளையப் பெருமைப்படுத்துனது தப்பா?"

"தப்புன்னு சொல்லலண்ணே." அவளுடைய குரல் நடுங்கியது, மைக் அந்த நடுக்கத்தைப் பெரிதாக்கித் தெரு முழுக்க இறைத்தது. "அது அவ உடுப்பு மாத்துற ரூம்புன்னு நெனச்சுக்கங்க. அவளுக்குக் கதவு இல்ல. கதவு இல்லாட்டி நாமதான் திரும்பிக்கிறணும். வேற என்ன செய்யுறது?"

மேலே கம்பியில் ஒரு மைனா அசைந்தது. போட்டி தொடங்கிவிட்டது. அத்தனை கழுத்துகளும் தம்மையறியாமல் மேலே போகப் பார்த்தன. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த லோகமணி அப்போது முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, கையிலிருந்த ரோஸ்மில்க் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள். குழாயடியில் பேசியது அவளுக்கு நினைவு வந்ததா இல்லையா என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளைப் பார்த்துக் குழாயடிப் பெண்கள் குனிந்தார்கள். நெய்னா பாய் தொழுகையில் நிற்பவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு கண்களைத் தாழ்த்தினார். வயர்மேன் சூசை தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். கல்லூரிப் பையன்கள் போன்களைச் சட்டைப்பைக்குள் போட்டார்கள். பிள்ளைகளின் கண்களை அம்மாக்கள் உள்ளங்கையால் மூடினார்கள். தெரு மேற்கிலிருந்து கிழக்கு வரைக்கும், காற்றடித்த நெல்வயல் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. கடைசியில் கவுன்சிலர் மட்டும் நிமிர்ந்து நின்றார். எல்லாரும் குனிந்திருக்கிற இடத்தில் ஒருவன் மட்டும் நிமிர்ந்து நிற்பது எவ்வளவு கூச்சமானது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. செருப்பில் ஏதோ ஒட்டியிருப்பதைப் போலக் குனிந்தார், அப்படியே இருந்துவிட்டார்.

தமயந்தியும் குனிந்தாள்.

மேலே சிறகுகள் சத்தமிட்டன. சிமெண்டுத் தரையில் நிழல்கள் ஓடாமலிருக்கும்படி சூரியன் அந்த நேரம் மேகத்துக்குள் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு காகத்தின் கனமான அடி, நான்கு மைனாக்களின் படபடப்பு, ஒரு கம்பியின் அதிர்வு, இன்னொரு கம்பியின் அதிர்வு, எல்லாம் தலைக்கு மேலே மழை பெய்வது போலப் பெய்துகொண்டிருந்தன. அவள் எதிரே தெரிந்ததெல்லாம் கால்கள். செருப்புப் போட்ட கால்கள், போடாத கால்கள், மெட்டி போட்ட விரல்கள், ஒரு குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ். யாரோ இருமலை அடக்கிக்கொண்டார்கள். ஒரு மைனாவின் இறகு சுழன்று சுழன்று வந்து அவள் பாதத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

பிறகு சத்தம் நின்றது.

சட்டென்று, பாதியில், கயிறு அறுந்ததைப் போல நின்றது. முடிந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. முடிந்திருந்தால் பறவைகள் கீழ்க் கம்பிக்கு இறங்கும் சத்தம் கேட்டிருக்க வேண்டும், அது கேட்கவில்லை. அப்படியென்றால் அங்கே, கடலுக்கு அப்பால், கனியின் விரல் ஒரு கணக்கின் நடுவில் நின்றுபோயிருக்கிறது. தமயந்தியின் பிடரி நரம்பு வலித்தது. ஒரே ஒரு பார்வை போதும், எந்த இடத்தில் நிற்கிறாள் என்று தெரிந்துவிடும், பத்திலா, நூறிலா, ஏறாத காகம் எது என்று. தாடை மேலே எழும்பியது. அவள் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தன் கழுத்தைத் தானே பிடித்து அழுத்திக்கொண்டாள். பக்கத்தில் லோகமணி வாய்க்குள் மாரியம்மா மாரியம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க அத்தனை பேரும் நின்றார்கள், ஒருவரும் "த்சொ" சொல்லவில்லை. அவ்வளவு பேர் கூடிய இடத்தில் அவ்வளவு அமைதி இருந்ததில்லை.

ஒரு காகம் கரைந்தது.

அதைத் தொடர்ந்து ஒரு மைனா. பிறகு, மறுபடியும், முன்னை விடவும் வேகமாக, தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, சிறகுகள் கொட்டத் தொடங்கின. ஷாமியானாத் துணி உப்பி அடங்கியது. கம்பங்கள் முனகின. தமயந்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் நேராகத் தரையில் சொட்டியது, குனிந்திருந்ததால் கன்னத்துக்கு அது வரவில்லை. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய இறக்கம், கூட்டமாக, மெத்தென்று, எல்லாம் கீழ்க் கம்பிக்கு வந்து அமர்ந்த சத்தம்.

அப்போதும் ஒருவரும் நிமிரவில்லை. தமயந்தியின் போன் அடிக்கும் வரைக்கும் தெரு அப்படியே நின்றது.

"முடிச்சுட்டா" என்றார் அழகர்ராஜா. "வெளிய வந்ததும் தண்ணி வாங்கிக் குடிச்சா. என்னயப் பாத்துச் சிரிச்சா."

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். ஜப்பானிலிருந்து வந்த ஒரு பையன் முதலில் வந்தான், தைவான் பெண் ஒருத்தி இரண்டாவது, கனி மூன்றாவது. டீக்கடையில் அதைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். எந்தக் கணக்கில் விட்டாள், எந்த இடத்தில் நின்றாள் என்று கவுன்சிலர் ஒவ்வொருவரையாகக் கேட்டுப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. கனி செய்த தப்புகளிலேயே தெருவுக்குத் தெரியாமல் அவளோடு மட்டும் இருந்த முதல் தப்பு அதுதான்.

அவள் திரும்பி வந்த அன்று மாலை போட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள், லோகமணி பால்கோவா கிண்டிக் கொண்டுவந்தாள். கம்பியில் பறவைகள் அசைந்துகொண்டுதான் இருந்தன. அது நிற்கவில்லை, அது நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. ஆனால் கூட்டத்தில் ஒரு தலையும் மேலே போகவில்லை. கனி காரிலிருந்து இறங்கி, சுற்றி நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாரும் அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் அவள் சிரித்தாள்.

அப்படியே அது தெருவின் வழக்கமாகிப்போனது. வெளியூர்க்காரர்கள் வந்து அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தால், சின்னப் பிள்ளைகள் வந்து சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, கீழ பாத்து நடங்கண்ணே" என்று சொல்லும். தபால்காரர் குனிந்து போனார், கீரைக்காரி குனிந்து போனாள். மூணாங்கிணற்றுத் தெருக்காரர்களைக் கடைவீதியில் பார்த்தால் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று ஊரில் பேச்சு. தமயந்தி மாடியில் துணி உலர்த்தும்போது கம்பிகளுக்கு முதுகைக் காட்டியே நின்றாள். மகளுக்கு என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டுமென்றால் கேட்டாள். சில நேரம் கனி சொன்னாள், சில நேரம் "ஒண்ணுமில்லம்மா" என்றாள், அந்த "ஒண்ணுமில்ல"வை வாங்கிக்கொண்டு தமயந்தி படியிறங்கிப் போய்த் தோசை ஊற்றினாள். முதலில் அது கஷ்டமாக இருந்தது. பிறகு கொஞ்சம் குறைந்தது.

பங்குனியில் ஒரு சாயங்காலம், மாடியில் வற்றல் மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தவளை, பின்னால் உட்கார்ந்திருந்த கனி கூப்பிட்டாள்.

"அம்மா."

"சொல்லு."

"இப்ப பாரு."

தமயந்திக்கு முதலில் புரியவில்லை. கையில் அள்ளிய மிளகாயோடு அப்படியே நின்றாள்.

"நெசமாத்தான் சொல்றேன். நீ மட்டும். மேல பாரு."

அவள் மிளகாயைப் பாயில் போட்டாள், கையை முந்தானையில் துடைத்தாள், மெதுவாகத் திரும்பி, இத்தனை மாதமாகக் குனிந்தே பழகிய கழுத்தை நிமிர்த்தி, நெய்னா பாய் கடைக் கம்பத்திலிருந்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, விரிந்திருந்த அவளுடைய விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கம்பியில் அப்போது என்ன இருந்தது என்பது தெருவில் யாருக்கும் தெரியாது. அந்த நேரம் கீழே நிறையப் பேர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள், ஆனால் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை.